தெளிந்த கசிவும் கலங்கிய கசிவும்: ஒரு தனியார் பொழுதுபோக்கு ஏரியின் மண் அணை குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

சில குடும்பங்கள் சேர்ந்து சங்கம் அமைத்து வைத்திருக்கும் ஏரி அது. படகு விடுவார்கள், தூண்டில் போடுவார்கள், கோடையில் பிள்ளைகள் நீந்துவார்கள். பாசனத்துக்கோ குடிநீருக்கோ அந்தத் தண்ணீர் போவதில்லை. ஒரு சிற்றோடையின் குறுக்கே மண் கொட்டி எழுப்பிய கரைதான் அணை. உயரம் ஆறரை மீட்டர், நீளம் 110 மீட்டர், மேற்பரப்பு 3 மீட்டர் அகலம். ஏரி விரிந்து கிடக்கும் பரப்பு 4 ஹெக்டேர். நிரம்பினால் ஏறத்தாழ ஒரு லட்சம் கன மீட்டர் தண்ணீர் நிற்கும். கரையின் இடது ஓரத்தில், உபரிநீர் வழிந்து போக, 4 மீட்டர் அகலக் கலிங்கு. நடுவில், கரையின் அடியில், அலையலையாக மடித்த இரும்புத் தகட்டுக் குழாய் ஒன்று குறுக்கே போகிறது. அதன் வால்வு வெளிப்பக்க முனையில் இருந்தது. இந்த வால்வு எங்கே இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கரைக்குக் கீழே ஓடையோரம் அரை கிலோமீட்டருக்குள் ஐந்து வீடுகள். அதைத் தாண்டிச் சாலையும் ஒரு சிறு பாலமும். அணை கட்டியபோது அந்த வீடுகள் இல்லை. பள்ளத்தில் ஆள் குடியேறிய பிறகு பழைய அணையின் ஆபத்து மாறிவிடும். ஆனால் அதற்காக யாரும் கரையை மறுபடி கணக்குப் பார்ப்பதில்லை.

இவ்வளவு சிறிய அணையைச் சட்டம் கவனிக்குமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் 10 மீட்டருக்குக் குறைவான அணை எதுவும் வராது. இங்கிலாந்தில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி 25,000 கன மீட்டருக்கு மேல் தரைமட்டத்துக்கு மேலே தண்ணீர் தேக்கினாலே அந்த ஏரி சட்டத்துக்குள் வந்துவிடும். ஒரு சட்டம் உயரத்தைப் பார்க்கிறது, மற்றொன்று கொள்ளளவைப் பார்க்கிறது. இந்த ஏரி இருக்கும் இடத்தில் பாதுகாப்பு முழுக்க உடைமையாளர் பொறுப்பு. சங்கத்தில் அணை தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால்தான் அணைகளை ஆய்வு செய்யும் என்னை அழைத்தார்கள்.

என்னை அழைப்பதற்கு முன்

வெளிச்சரிவின் அடிவாரத்தில், குழாய் முனைக்குச் சற்றுத் தள்ளி, ஒரு பாய் விரிக்கும் அளவுக்கு ஈரம் மூன்று ஆண்டுகளாக இருந்ததாம். சுற்றிலும் புல் காய்ந்தாலும் அங்கே மட்டும் கோரை பச்சையாக நிற்கும். "அது எப்போதும் அப்படித்தான் சார்" என்றார் செயலாளர். இந்த வாக்கியத்தை அணைக்காரர்கள் சொல்லி நான் கேட்காத ஊர் கிடையாது.

நான் போவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஈரம் நடைபாதைக்குத் தொந்தரவாக இருக்கிறதென்று ஒரு வண்டி களிமண் கொண்டுவந்து கொட்டி மிதித்துவிட்டார்கள். இரண்டு வாரம் தரை காய்ந்திருந்தது. பிறகு நான்கு மீட்டர் தள்ளிப் புதிய இடத்தில் தண்ணீர் எட்டிப் பார்த்தது.

நல்லெண்ணத்தில் செய்த வேலைதான். ஆனால் கசிவு வெளியேறும் வாயைக் களிமண்ணால் அடைத்தால் தண்ணீர் நின்றுவிடாது. கரைக்குள் அழுத்தம் ஏறி, பலவீனமான வேறு வழியைத் தேடிப் போகும். வெளிவாயில் செய்ய வேண்டியது நேர் எதிரானது: தண்ணீரை விட்டுவிட்டு மண்ணை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும்.

முதல் நாள்: பார்த்தவை

சனிக்கிழமை காலை நடக்கப் போன ஓர் உறுப்பினர், புதிய கசிவின் வாயில் மண் குவிந்திருப்பதைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். எறும்புப் புற்று வாயில் வளையமாகக் குவியுமே, அதே வடிவம். விட்டம் ஒரு சாண். நடுவில் தண்ணீர் மெல்லக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. படத்தைப் பார்த்ததும் கிளம்பிவிட்டேன்.

போனதும் இரண்டு எளிய சோதனைகள் செய்தேன். கசிவை ஒரு தகரத் துண்டால் ஒருமுகப்படுத்திப் பத்து லிட்டர் வாளியில் பிடித்தேன். வாளி நிரம்ப 40 வினாடி ஆயிற்று. அதாவது வினாடிக்குக் கால் லிட்டர். அளவு மட்டும் என்றால் இந்த உயரக் கரைக்கு இது பயப்பட வேண்டிய கசிவு அல்ல. கசியாத மண் கரை உலகில் இல்லை.

அடுத்து, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து வண்டியின் முன்மூடி மேல் வைத்துவிட்டுக் கரையைச் சுற்றி வந்தேன். பிடிக்கும்போது தெளிவாகத்தான் தெரிந்தது. ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அடியில் நகத்தின் கனத்துக்கு வண்டல் படிந்திருந்தது. அன்றைய எல்லா முடிவுகளும் அந்தப் பாட்டிலிலிருந்து வந்தவை. தண்ணீர் மட்டும் வந்தால் அது கசிவு. மண்ணும் சேர்ந்து வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று பொருள். வெளிவாயில் தொடங்கும் அரிப்பு நீர்ப்பக்கம் நோக்கிக் குடைந்துகொண்டே போகும். வழி நீளநீளத் தடை குறையும், தடை குறையக் குறைய வேகம் கூடும், கூடிய வேகம் இன்னும் மண்ணை அள்ளும். அமெரிக்காவின் டீட்டன் அணை 93 மீட்டர் உயரம். இதோடு ஒப்பிடவே முடியாத பெரிய அணை. ஆனால் 1976 ஜூன் 5 அன்று காலையில் கலங்கல் நீர் வருவதைப் பார்த்தவர்கள் நண்பகலுக்குள் அணை உடைவதையும் பார்த்தார்கள். கலங்கிய பிறகு கிடைக்கும் நேரம் அவ்வளவுதான்.

தமிழில் கலங்கிய நீரையும் கலங்கல் என்கிறோம், ஏரியின் உபரிநீர் வழியையும் பல இடங்களில் கலங்கல் என்கிறார்கள். இந்த ஏரிக்கு இரண்டு கலங்கலிலும் கோளாறு இருந்தது.

கரையைச் சுற்றியபோது கண்டவை: வெளிச்சரிவில் புதர் மண்டிப் பாதிக் கரையைப் பார்க்கவே முடியவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் வெட்டிய ஒரு பெரிய மரத்தின் அடிக்கட்டை மக்கி, குச்சியை விட்டால் முழங்கை ஆழம் இறங்கியது. கலிங்கில் மீன் வெளியே போகாமல் இருக்கக் கம்பிவலை கட்டியிருந்தார்கள். இலைதழை சேர்ந்து பாதி உயரம் அடைத்திருந்தது. அதன் மேல் நடைபாலம், பாலத்துக்கு நட்ட நடுவில் இரண்டு கால்கள். கரையின் நடுப்பகுதி கண்ணுக்கே தாழ்வாகத் தெரிந்தது.

அன்று மதியம் எடுத்த முடிவுகள்

தலைவர், செயலாளர், மீன் பொறுப்பாளர் மூவரும் கரை மேலேயே கூடினார்கள். தண்ணீரை இறக்க வேண்டும் என்றதும் மீன் பொறுப்பாளரின் முகம் மாறியது. பல ஆண்டுகளாகக் குஞ்சு விட்டு வளர்த்தவர். மூன்று வாரத்தில் மழைக்காலம் தொடங்கும், இப்போது இறக்கினால் மீன் பாதி போய்விடும் என்றார். அவர் சொன்னது உண்மை. பின்னால் அப்படியே ஆயிற்று.

செயலாளர் உடனே வால்வைத் திறக்கலாம் என்றார். நான் தடுத்தேன். வால்வு வெளிமுனையில் இருக்கிறதென்றால் கரைக்குள் போகும் குழாயில் இத்தனை காலமும் ஏரியின் முழு அழுத்தமும் நின்றிருக்கிறது. குழாய் எங்காவது துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தால் அந்தத் தண்ணீர் நேராகக் கரை மண்ணுக்குள் பீய்ச்சும். புதிய ஊற்று குழாயின் வரிசையிலேயே இருந்தது எனக்கு உறுத்தியது. தவிர, பல ஆண்டு அசையாத வால்வு திறந்தபடி சிக்கிக்கொள்ளலாம், உடைந்தும் வரலாம். ஆகவே கரைக்கு மேலாகத் தண்ணீரைக் கடத்த சைபன், அதாவது பம்பு இல்லாமலே தண்ணீரை இழுத்துக் கீழே விடும் வளைகுழாய்.

கணக்கு இதுதான். மண் கரையில் நீர்மட்டத்தை நாளுக்கு 30 சென்டிமீட்டர் வரை இறக்கலாம் என்பது நான் கைக்கொள்ளும் அளவு. 4 ஹெக்டேரில் 30 சென்டிமீட்டர் என்றால் 12,000 கன மீட்டர், அதாவது வினாடிக்கு 140 லிட்டர். 150 மில்லிமீட்டர் குழாய் ஒன்று இந்த உயர வித்தியாசத்தில் வினாடிக்கு 50 லிட்டர் இழுக்கும். மூன்று குழாய் போதும். வெளிமுனைகளைக் கரை அடிவாரத்தில் விடாமல் கலிங்கின் வாய்க்கால் வரை நீட்டச் சொன்னேன்.

ஊற்றின் மேல் தலைகீழ் வடிகட்டி போடுவது அடுத்த வேலை: அடியில் மணல், அதன் மேல் சிறு ஜல்லி, அதற்கும் மேல் பெரிய ஜல்லி. மண் இயக்கவியலின் முன்னோடியான டெர்சாகி வகுத்த விதி ஒன்று இதற்கு உண்டு. வடிகட்டியில் எடைப்படி 15 சதவீதம் எந்த அளவுக்குக் கீழே இருக்கிறதோ, அந்த அளவு, காக்க வேண்டிய மண்ணின் 85 சதவீத அளவைப் போல நான்கைந்து மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால் இடுக்கு வழியே மண் தப்பிவிடும். கையில் சல்லடை இல்லாத சனிக்கிழமை மதியத்தில் இதன் பொருள், கான்கிரீட்டுக்குப் பயன்படும் கழுவிய கரடு மணல் வேண்டும் என்பது. வந்த முதல் லாரியில் இருந்தது பூச்சு மணல். வேறு கிடைக்காது என்று ஓட்டுநர் சாதித்ததால் ஒரு தட்டு போட்டுப் பார்த்தோம். பத்து நிமிடத்தில் ஊற்று அதைப் பிரித்து வெளியே தள்ளிவிட்டது. சரியான மணல் வந்து சேர இரவு பதினொன்று ஆனது. டார்ச் வெளிச்சத்தில் மண்வெட்டியால் போட்டோம். போட்டு முடித்துச் சிறிது நேரத்தில் கொப்பளிப்பு அடங்கி, ஜல்லி இடுக்கில் தெளிந்த நீர் கசியத் தொடங்கியது.

கீழே உள்ள வீடுகளுக்குச் சொல்வதா என்பதில்தான் அதிக நேரம் போனது. "வீணாகப் பயமுறுத்த வேண்டாமே, நாளை பார்த்துக்கொண்டு சொல்லலாம்" என்றார் தலைவர். நாளை காலை தெளிந்தால் பயமுறுத்தியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம், தெளியாவிட்டால் கேட்க ஆள் இருக்க மாட்டார்கள் என்றேன். கொஞ்சம் கடுமையான பேச்சுதான். அவரே ஐந்து வீட்டுக்கும் நேரில் போய்ச் சொன்னார். முதல் வீட்டுப் பெரியம்மா, "கரை ஓரம் கோரை முளைத்தபோதே கேட்டேனே தம்பி" என்றாராம். இரண்டு குடும்பங்கள் மூன்று இரவு வேறிடத்தில் தங்கின. அவசர உதவிப் பிரிவுக்கும் அன்றே தகவல் கொடுத்தோம்.

மூன்றாம் இரவு: என் தவறு

ஞாயிறு விடியலில் சைபன்கள் ஓடத் தொடங்கின. பெருமழை வரும் என்று திங்கள் மாலை முன்னறிவிப்பு வந்தது. மட்டம் 40 சென்டிமீட்டர்கூட இறங்கியிருக்கவில்லை. நான் இரண்டு மோட்டார் பம்புகளைச் சேர்க்கச் சொன்னேன். ஒரே இரவில் 45 சென்டிமீட்டர் இறங்கியது.

செவ்வாய் காலை நீர்ப்பக்கச் சரிவில் 8 மீட்டர் அகலத்துக்கு மண் சரிந்து கிடந்தது. காரணம் தெரிந்ததுதான். கரைக்குள் ஊறிய நீர் வெளியேற நாளாகும். அதைத் தாங்கி நின்ற ஏரி நீரை மட்டும் சட்டென்று எடுத்துவிட்டால், ஊறிக் கனத்த சரிவு தன் எடையிலேயே வழுக்கும். சரிவு கரையின் மேற்பரப்பை எட்டவில்லை, அதுவரை அதிர்ஷ்டம். பம்புகளை நிறுத்தினோம்.

முன்னறிவித்த மழை கால்வாசிதான் பெய்தது. ஆனால் அதை வைத்து அந்த முடிவை எடைபோட முடியாது. திங்கள் மாலை என் கையில் இருந்த தகவலுக்கு, உள்ளரிப்பா, சரிவா என்று கேட்டால் சரிவைத் தேர்ந்திருப்பேன். தவறு வேறிடத்தில் இருந்தது. கலிங்கின் வலையையும் பாலக் கால்களையும் சனிக்கிழமையே அறுத்து எறிந்திருந்தால் மழையைக் கண்டு அவ்வளவு பதறியிருக்க வேண்டியதில்லை. மீன் பொறுப்பாளரின் முகத்தைப் பார்த்து வலையை விட்டுவைத்தேன். செவ்வாய் மதியம்தான் அறுத்தோம்.

அடுத்த வாரத்தில் மட்டம் 2.4 மீட்டர் இறங்கியது. ஊற்று முழுக்க வற்றியது.

தோண்டிப் பார்த்தபோது

குழாயை ஒட்டிக் கரையை வெட்டித் திறந்தோம். குழாயின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு துருத் துளை. அதைச் சுற்றிக் குழாயின் கீழே வெற்றிடம்; தோள்பட்டை வரை கையை விட முடிந்தது. விரலில் பட்டது மாவு போன்ற ஈரவண்டல், பாட்டிலில் படிந்த அதே நிறம்.

கட்டியவர்கள் குழாயைச் சுற்றி மூன்று இடங்களில் கான்கிரீட் கழுத்துப்பட்டை வைத்திருந்தார்கள். குழாயோரமாக ஓடும் தண்ணீரின் பாதையை நீட்டினால் அரிப்பு நிற்கும் என்பது அந்தக் காலத்து எண்ணம். நடைமுறையில் பட்டைகளின் மூலையில் உருளையை விட்டு மண்ணை இறுக்க முடியாது. தளர்ந்த மண் அங்கேதான் தங்கும். வெற்றிடம் பட்டையில் நிற்காமல் அதன் அடியில் புகுந்து போயிருந்தது. 1980களிலிருந்து இந்தப் பட்டைகளைக் கைவிட்டுக் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டிச் சுவர் வைப்பதுதான் வழக்கமாகியிருக்கிறது. மக்கிய மரத்தின் வேர் ஒன்றும் வெற்றிடத்துக்கு ஒரு மீட்டர் அருகே வரை வந்து வெறும் பட்டைக் குழலாக நின்றது. இரண்டும் இன்னும் சந்தித்திருக்கவில்லை.

கலிங்கின் கணக்கு

கசிவை விடப் பெரிய குறை இதுவென்று இப்போதும் நினைக்கிறேன். சங்கம் அதை ஒப்புக்கொள்ள நாளானது, ஏனென்றால் கசிவு கண்ணுக்குத் தெரிந்தது, இது கணக்கில் மட்டும் தெரிந்தது.

கட்டியபோது கலிங்கின் மட்டத்துக்கும் கரையின் தலைக்கும் 90 சென்டிமீட்டர் இடைவெளி. 4 மீட்டர் அகலத்தில் அவ்வளவு உயரம் நீர் வழிந்தால் வினாடிக்கு 5.8 கன மீட்டர் போகும். மட்டம் பிடித்துப் பார்த்ததில் கரையின் நடு 35 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது, பாதி தானாக அமுங்கியது, மீதி படகு வண்டிகள் ஏறி இறங்கியது. அப்படியானால் மிஞ்சும் உயரம் 55 சென்டிமீட்டர், வெளியேற்றம் 2.8 கன மீட்டர். உயரத்தின் ஒன்றரை அடுக்குக்கு (1.5 என்ற அடுக்குக்குறி) ஏற்ப நீர் கூடும் என்பதால், தலை கொஞ்சம் தாழ்ந்தாலும் திறன் பாதியாகிவிடுகிறது. வலையும் பாலக் கால்களும் குறைப்பது இதற்கு மேல். மீறினால் தண்ணீர் கலிங்கை விட்டுக் கரையின் நடுவில், அடியிலிருந்து கரை மிக உயரமாக நிற்கும் இடத்தில் ஏறி வழியும்.

இந்தச் சேர்க்கை புதிதல்ல. 1889 மே 31 அன்று பென்சில்வேனியாவில் உடைந்த சவுத் ஃபோர்க் அணை ஒரு மீன்பிடி, வேட்டைச் சங்கத்துக்குச் சொந்தமான பொழுதுபோக்கு ஏரியின் மண் அணை. அதன் வடிகுழாய்களை முந்தைய உடைமையாளரே எடுத்து விற்றுவிட்டார், சங்கம் மறுபடி வைக்கவில்லை. வண்டிகள் எதிரெதிரே போகக் கரையின் தலையைத் தாழ்த்தினார்கள். கலிங்கில் மீன் தடுப்பு வலை. நடுவில் கரை அமுங்கியிருந்தது. ஜான்ஸ்டவுன் பகுதியில் 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது 22 மீட்டர் அணை, இது ஆறரை. ஆனால் ஜார்ஜியாவில் 1977 நவம்பர் 6 அன்று உடைந்து 39 பேரைக் கொன்ற கெல்லி பார்ன்ஸ் அணை ஏறத்தாழ 12 மீட்டர்தான். சங்கக் கூட்டத்தில் இந்த இரண்டையும் சொன்னேன். மீன் பொறுப்பாளர்தான் முதலில் எழுந்து, வலை வேண்டாம் என்றார்.

மறுபடி கட்டியது

அணையையே அகற்றிவிடலாம் என்று ஒரு தரப்பு. ஓட்டெடுப்பில் தோற்றது, சில குடும்பங்கள் விலகின. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: செலவு ஒருமுறையோடு தீராது, ஆண்டுதோறும் பார்க்க வேண்டும்.

பழைய குழாயை முழுக்க எடுத்து, வெட்டிய இடத்தை மெல்லிய அடுக்குகளாக இறுக்கி நிரப்பினோம். புதிய குழாய் கான்கிரீட் உறைக்குள் போகிறது. அடைப்பான் இப்போது ஏரிப் பக்கம். மூடினால் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது. வெளிப்பக்க மூன்றில் ஒரு பங்கில் மணல் வடிகட்டிச் சுவர், அதன் நீரை வடிக்க அடிவாரத்தில் குழாய், குழாயின் வாயில், வடியும் நீரை அளக்க, முக்கோண வெட்டுப் பலகை. கலிங்கு 9 மீட்டராக அகன்றது, பாலம் தூண் இல்லாமல் இரு கரையிலும் நிற்கிறது. தலையை நேராக்கி, நடுவில் 15 சென்டிமீட்டர் கூடுதலாக உயர்த்தினோம், அமுங்கும் என்று எதிர்பார்த்தே.

நிரப்பும்போது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு வாரம் நிறுத்தி வெட்டுப் பலகையைப் படித்தோம். முழு மட்டத்தில் பலகையில் 2 சென்டிமீட்டர், அதாவது வினாடிக்குப் பத்தில் ஒரு பங்கு லிட்டருக்கும் குறைவு. பாட்டிலில் எதுவும் படியவில்லை. மீன் பாதிக்கு மேல் போயிற்று.

மாற்றிச் செய்ய வேண்டியவை

வடிகட்டி மணலையும் ஜல்லியையும் கரையோரம் முன்கூட்டியே குவித்து வைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு மணல் தேடுவது பாதுகாப்பு ஏற்பாடு ஆகாது. இப்போது ஒரு லாரி மணல் தார்ப்பாயின் கீழ் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடி அது குறைகிறது என்று செயலாளர் புகார் சொல்கிறார்.

புதரை ஆண்டுக்கு இரண்டு முறை வெட்டியிருந்தால் அடிவாரத்தில் நடப்பது முன்பே தெரிந்திருக்கும். இரும்புத் தகட்டுக் குழாய்க்கு ஆயுள் உண்டு, உள்ளே கேமரா விட்டுப் பார்ப்பது அரை நாள் வேலை. மரத்தை வெட்டியவர்கள் வேரையும் எடுத்து நிரப்பியிருக்க வேண்டும். சரிவு பற்றி மேலே சொன்னதைத் தவிர, கரைக்குள் நீர்மட்டம் காட்டும் குழாய்களை முதல் நாளே அடித்திருந்தால் எவ்வளவு வேகமாக இறக்கலாம் என்பதைக் கைப்பழக்கத்தால் அல்லாமல் பார்த்தே முடிவு செய்திருப்பேன்.

ஓராண்டு கழித்துப் போனபோது வெட்டுப் பலகை அளவுக் குறிப்பேடு வாரம் தவறாமல் எழுதப்பட்டிருந்தது. எழுதுபவர் மீன் பொறுப்பாளர். கீழே உள்ள ஐந்து வீடுகளின் தொலைபேசி எண்கள் அதன் முதல் பக்கத்தில் இருந்தன. ஐந்தையும் அங்கேயே நின்று அழைத்துப் பார்த்தோம். இரண்டு எண்கள் மாறியிருந்தன. அவர் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடையோரப் பாதையில் இறங்கினார்.